வெள்ளைக் கல்லுக்குக் கரி

போன மழைக்காலத்தில் என் மனைவி ஜூடித் கொல்லைப் பாதையில் வழுக்கி விழுந்தாள். நாலு மாதக் கரு போய்விட்டது. இப்போது மறுபடியும் கர்ப்பம், ஏழு மாதம். வானமும் மறுபடி கறுத்துக்கொண்டிருந்தது.

எங்கள் தட்டி வீட்டின் பின்கதவிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை, புதினாவுக்கும் கத்திரிக்கும் நடுவே, இருபது அடி. வழுக்காமல் இருக்க அந்தப் பாதையில் என்ன போடுவது என்று ஒரு மாதம் யோசித்தேன். தினமும் தங்கச் சுரங்கத்தில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி ஆயிரம் அடி கீழே போய் வருகிற வீரன், மேலே இருபது அடிக்குத் திணறினேன்.

முதலில் செம்மண் சரளை. ஒரு தூறலுக்கே குழம்பாகிவிட்டது. அடுத்து, சுரங்கக் கல்லை அரைத்துப் பொன் எடுக்கும் மில்லில் கழித்துக் கொட்டும் மணல். அதில் சயனைடு இருப்பது எனக்கு மறந்துபோயிற்று, புதினாவுக்கு மறக்கவில்லை. மூன்றே நாளில் கருகியது. வாரிக் கொட்டினேன். கருங்கல் பலகையோ நனைந்தால் மீன் முதுகு.

கடைசியில் சுரங்க வேலிக்கு வெளியே, பொன் இல்லையென்று கொட்டிய மேட்டில் வெள்ளைக் கல்லைப் பார்த்தேன். நல்ல சொரசொரப்பு. பட்டப்பகலில் கூடை கூடையாகச் சுமந்து வந்து பதித்தேன். ஜூடித் நடந்து பார்த்துச் சிரித்தாள். பெரிய இன்ஜினீயர் மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றேன்.

பக்கத்து வீட்டு முனியப்பன் எட்டிப் பார்த்தான்.

"யோவ் ஏசுபாதம், இன்னாய்யா இது? வெள்ளைக் கல்லு வூட்ல இருந்தா பொன்னு திருட்டுன்னு புட்ச்சி உள்ள போடறாங்க. சட்டம் வந்துகீது, தெரியாதா?"

"பொன்னு இல்லாத கல்லுய்யா."

"அது உனக்குத் தெரியும், கல்லுக்குத் தெரியும். வாட்ச்மேனுக்குத் தெரியுமா?"

"அப்படியே வுடுங்க, கேட்டா சொல்லிக்கலாம்" என்றாள் ஜூடித். அவள் பேச்சைக் கேட்டிருக்கலாம். ஆனால் மூளை என்று ஒன்று எனக்கும் இருக்கிறதே. அடுப்புக் கரியைச் சாணியில் குழைத்து, ஒவ்வொரு கல்லுக்கும் பூசினேன்.

ஞாயிற்றுக்கிழமை சுரங்க வாட்ச்மேன் ராஜப்பா ஆட்களோடு தொழிலாளர் வீடுகளை லைன் லைனாகச் சோதனை போட்டு வந்தார். கறுப்புப் பாதையைப் பார்த்தார். தடியால் சுரண்டினார். வெள்ளை பல்லைக் காட்டியது.

"கல்லுக்கு இன்னாத்துக்குய்யா வேஷம்? சும்மா கெடந்திருந்தா நானே மெதிச்சிக்கினு போயிருப்பேன்."

விளக்கம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை போய்விட்டது. எல்லாவற்றையும் பெயர்த்துச் சாக்கில் கட்டினார்கள்.

"காலைல ஆபீஸுக்கு வா. அரைச்சிப் பாப்பாங்க. ஒண்ணும் இல்லேன்னா வூட்டுக்குப் போலாம்."

"எப்போங்க?"

"அரைச்சப்புறம். அதுவரிக்கும் அங்கதான்."

நாலு மணிக்கு மழை பிடித்தது. கல் பெயர்ந்த குழிகளில் சேறு ததும்பியது. ஜூடித் குடத்தை எடுத்தாள். பிடுங்கிக்கொண்டு நான் போனேன். குடம், அண்டா, சோற்றுச் சட்டி, குழம்புச் சட்டி எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தேன். இரண்டு முறை நான் வழுக்கி விழுந்தேன்.

"போதுங்க, படுக்க எடம் வேணாவா?" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். குரல் உடைந்துவிட்டது.

மூன்று நாளைக்கு வரும் என்று கணக்குப் போட்டேன். கல்லை அரைக்க எத்தனை நாள் ஆகுமோ தெரியவில்லை. சொம்பு ஒன்று காலியாக இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.