பட்டுச் சல்லடை

மாணிக்கவேலுக்கு வியர்க்காது. தேவிகாபுரம் திருவிழாவுக்குப் போன பஸ்ஸின் மேற்கூரையிலிருந்து தலைகுப்புற விழுந்து இரண்டு வருஷமாகிறது. கழுத்துக்குக் கீழே ஓர் உறுப்பும் அவன் சொல்பேச்சு கேட்பதில்லை. வேலூர் டாக்டர் அவன் மனைவி சாவித்திரியிடம் கறாராகச் சொல்லியனுப்பினார்: "இவருக்கு இனிமே ஒடம்பு வேர்க்காதும்மா. சூடு ஏறினா தானா எறங்காது. ரூமு சில்லுனு இருக்கணும். அதுதான் வைத்தியம்."

அவன் நெய்து கொடுத்துக்கொண்டிருந்த பட்டுக்கடை முதலாளி தணிகாசலம், கடைக்குப் புது ஏ.சி. வாங்கியபோது பழையதைத் தூக்கிக் கொடுத்தார். நெசவுக்காரன் வீட்டு ஜன்னலில் ஏ.சி. பெட்டியா என்று தெருவே மூக்கின்மேல் விரலை வைத்தது. வைக்கட்டுமே! இரண்டாயிரத்து மூன்றாம் வருஷக் கத்திரி வெயில் வரைக்கும் அவன் உயிரைப் பிடித்து வைத்திருந்தது அந்தப் பெட்டிதான்.

அதை மாட்டிய மெக்கானிக் யோவான் அவளுக்கு ஒரே ஒரு வேலை சொல்லிக் கொடுத்தார். முன்மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஃபில்டரை உருவி, குழாய்த் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்ட வேண்டும். "பதினஞ்சு நாளுக்கு ஒருதரம்மா. மூக்கடைச்சா மனுசனே திணர்றான், மிஷின் இன்னா பண்ணும்?" என்றார். சாவித்திரி வெள்ளிக்கிழமை தவறாமல் தன் தலைக்கும் ஊற்றிக்கொண்டாள், ஃபில்டரையும் குளிப்பாட்டினாள்.

சித்திரை பிறந்ததும் பின்வீட்டுக்காரர்கள் பவர்லூம் போட்டார்கள். போதுமே! காற்றெல்லாம் பஞ்சுத் தூசி. வெள்ளிக்கிழமை அலசிய ஃபில்டர் திங்கட்கிழமை கம்பளிபோல் ஆகிவிடும். படுத்தபடியே அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிற மாணிக்கவேல் ஒருநாள் சொன்னான்: "சாவித்திரி, ஜன்னல் வலை மாரி கீற அந்த ஃபில்டர் எந்தத் தூசிய தடுக்கும்? துணிப் பொட்டில ஒரு பட்டுத் துண்டு கீது பாரு, நான் கடைசியா நெய்ஞ்சது. அத மூடிமேல இழுத்துக் கட்டு. எதுல பூந்து வர்ற தூசியும் பட்டுல பூராது."

அவள் கட்டினாள். எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்க வேண்டும், எங்கே தொய்கிறது என்று தறியில் பாவு ஏற்றுகிறவன்போல் கட்டிலிலிருந்தே அதிகாரம் பண்ணினான். "உம், இன்னும் கொஞ்சம் இழு. ஆங், அப்டி!" இரண்டு வருஷத்தில் அவன் ஒரு வேலை சொல்லி, அது நடந்து முடிந்தது அன்றைக்குத்தான்.

ஒரு வாரம் கழித்து உருவிப் பார்த்தால் ஃபில்டர் பளிச்சென்று இருந்தது. "பாத்தியா! யோவானுக்குத் தெரியாதது நெசவுக்காரனுக்குத் தெரியும்" என்று மாணிக்கவேல் சிரித்தான். துணியின் மேல் படிந்ததை மட்டும் அவள் ஈரக்கையால் துடைத்துவிட்டாள். நாளாக ஆகக் காற்று குறைந்தது. வெயில் அப்படி என்று நினைத்து முழுக் குளிர்ச்சிக்குத் திருகினாள். ஒரு வெள்ளிக்கிழமை காலை பெட்டி ஒருமுறை உறுமிவிட்டு நின்றது.

யோவான் வந்து துணியை அவிழ்த்து மூடியைக் கழற்றினார். உள்ளே கம்பிச்சுருள் முழுக்கப் பனிக்கட்டி பாளம் பாளமாக உறைந்து கிடந்தது. அவர் முகம் சுருங்கிப்போயிற்று. சாவித்திரியைக் கொல்லைப்புறம் அழைத்துக்கொண்டு போனார்.

"இன்னாம்மா இது அநியாயம்! இத்தக் கட்டினா மிஷினுக்கு மூச்சு ஏது? காத்து போவாம ஐஸ் புடிச்சிகினு, கம்ப்ரசர் ஜாம் ஆயிட்ச்சி. இந்தப் பழைய மாடலுக்கு வேற கம்ப்ரசர் மெட்ராஸ்லர்ந்துதான் வரணும். பத்து நாளாவும். யாரு சொன்னா இத்தக் கட்டச் சொல்லி?"

அவள் கண் கட்டில் இருந்த பக்கம் போயிற்று. உள்ளேயிருந்து மாணிக்கவேல் கூப்பிட்டான். "இன்னா யோவானண்ணே, அங்க குசுகுசுன்னு? இன்னா ஆச்சு சொல்லு."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையை அவனிடம் எப்படிச் சொல்வது? சாவித்திரி யோவானைப் பார்த்துக் கை கூப்பினாள். உதடு மட்டும் அசைந்தது: வாணாம்ணே.

யோவான் உள்ளே போய் நின்றார். "பழைய மிஷின்தானேப்பா. வயசாயிட்ச்சி, போய்ட்ச்சி."

"அதானே பாத்தேன். அந்தத் துணி இல்லன்னா முன்னமே போயிருக்கும், இல்லண்ணே?"

"ஆமாம்பா" என்றார் யோவான். பையை எடுத்துக்கொண்டு, அவள் நீட்டிய டீயைக்கூடத் தொடாமல் போய்விட்டார்.

அன்றைக்கே அவள் தணிகாசலத்தின் கடைக்கு ஓடினாள். ஏ.சி. போட்ட அறையில் ஒரு மூலை, பத்தே நாள் என்று கேட்டாள். "கல்யாண சீசன்மா. கட்டில்ல கெடக்கிற ஆள வெச்சிகினு நான் எப்டி பொடவ விரிக்கிறது?" என்றார் அவர். அதிலும் பொய் இல்லை. திரும்பி வந்து ஜன்னல்களில் சாக்கை நனைத்துக் கட்டினாள், தரையெல்லாம் தண்ணீர் ஊற்றினாள், ஐஸ் கடையிலிருந்து கட்டி வாங்கி வந்து ஃபேனுக்கு முன்னால் வைத்தாள். கத்திரி வெயிலா இதற்கெல்லாம் பயப்படும்? ஐஸ் கரைந்தது, தெர்மாமீட்டர் ஏறியது. முதல் நாள் நூற்றொன்று. மூன்றாம் நாள் நூற்று மூன்று. நாலாம் நாள் மத்தியானம் நூற்று ஐந்தைத் தாண்டியது. நெருப்பாய்க் கொதிக்கிற உடம்பில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

தெருக்காரர்கள் அவனைப் போர்வையோடு தூக்கி வேனில் படுக்க வைத்தார்கள். வேலூர் ஒன்றரை மணி நேரம். வெளியே அனல் வீசியது. தூக்கியவர்களில் ஒருத்தரும் சாவித்திரியை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் திரும்பி வரப்போவதில்லை என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று.

ஏறப்போனவளை மாணிக்கவேல் கண்ணாலேயே கூப்பிட்டான். அவள் குனிந்து அவன் வாயருகே காதை வைத்தாள்.

"அந்தத் துணி... எலி கடிக்கப்போவுது. பொட்டில வெச்சிட்டு வா."

"வெச்சிட்டேங்க."

"மிஷின் வந்ததும் நீதான் கட்டணும். யோவான் பேச்சக் கேக்காத. இந்தத் தபா ரெண்டா மடிச்சிக் கட்டு."

"சரிங்க" என்றாள் சாவித்திரி. "ரெண்டா மடிச்சே கட்றேன்."

வேன் கிளம்பியது.