பூண்டுப் புகை இருமல்

எங்கள் மலைக் கிராமமான பூண்டியில் பூண்டை அடுப்புக்கு மேலே பரணில் கட்டிப் புகை போடுகிற மாதம் வந்தால் ஊரே இருமும். யாரும் அதை நோய் என்று நினைப்பதில்லை. என் வீட்டுக்காரர் நல்லையா இருமியபோது நானும் நினைக்கவில்லை. "பொக இருமலுக்கெல்லாம் படுத்துக்கிட்டா சோலிய எவன் பாப்பான்? எழும்புங்க!" என்று தினமும் தோட்டத்துக்கு விரட்டினேன், பாவி.

ஒன்பதாம் நாள் காலை அவருக்கு உதடு நீலம் பாய்ந்துவிட்டது. காய்கறி லாரியில் போட்டுக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன்.

டாக்டர் மயில்சாமி அவர் முதுகில் விரலால் தட்டிப் பார்த்தார். "எத்தன நாளா இருமல்?"

"ரெண்டு நாளுங்க." வெட்கத்தில் பொய் வாயில் வந்துவிட்டது.

"வலது பக்கம் மந்தமா கேக்குது. நுரையீரலச் சுத்தித் தண்ணி கோத்திருக்கும்போல. ஊசி குத்தி எடுக்கணும்." எக்ஸ்ரே மிஷின் பழுதாகிக் கிடந்தது. நர்ஸ் அமீருன்னிசா விரல் நீளத்துக்கு ஓர் ஊசியை எடுத்து வைத்தாள்.

"சார், ஸ்கேன்ல ஒரு தடவ பாத்துட்டுக் குத்தலாமே?" என்றாள் அவள்.

"அது புள்ளத்தாச்சி மிசினு. நான் படுக்க மாட்டேன்," என்றார் இவர், மூச்சு இழுக்கிற இழுப்பில்.

"வாய மூடிக்கிட்டுப் படுங்க!" என்று அதட்டினேன்.

முதுகில் பசையைத் தடவி டாக்டர் கருவியை வைத்தார். திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

"தண்ணின்னா கறுப்பாத் தெரியணும். நல்ல நுரையீரல்னா காத்துதான், உள்ள ஒண்ணும் தெரியாது. இது ஈரல் மாதிரி கெட்டியாத் தெரியுது. நிமோனியா. ஊசி வேண்டாம் சிஸ்டர்."

போன உயிர் திரும்பியது எனக்கு. ஆனால் டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ரெண்டு நாள்ல இவ்வளவு வராதும்மா. நாள் கூடியிருந்தா ஓரத்துல சீழ் கட்டியிருக்கலாம், தேடிப் பாக்கணும். நெசத்தச் சொல்லுங்க."

நான் வாயைத் திறக்குமுன் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "நாந்தாங்க... இவகிட்ட மறச்சுட்டேன். இவளுக்குத் தெரியாது... இவள ஏசாதீங்க."

அடப் பாவி மனுசா! சாகக் கிடக்கிறபோதுமா எனக்காகப் பொய் சொல்வாய்?

"ஒம்போது நாளுங்க!" கத்திவிட்டேன். "அத்தன நாளும் இரும இரும நாந்தான் வேலைக்கு வெரட்டுனேன். அந்தாளு சொல்றத நம்பாதீங்க."

டாக்டர் ஏசவில்லை. விலா எலும்புகளுக்கு நடுவே ஒவ்வோர் இடமாக மறுபடி கருவியை நகர்த்தினார்.

"சீழ் இல்ல. ஆக்சிஜன் வைங்க, பெனிசிலின் போடுங்க. ரெண்டு நாள் தாண்டட்டும்."

மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் இறங்கியது. கண் திறந்து, "பிளேன் டீ கெடைக்குமா புள்ள?" என்றார். அத்தனை நாள் அவரை விரட்டிய நான், டம்ளரை எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு ஓடினேன்.