எரித்த துணிக்குக் கணக்கில்லை

புளோறன்ஸ் சிஸ்டருக்கு ஒரு வியாதி இருந்தது, எண்ணுகிற வியாதி. கொழும்பு வெள்ளவத்தையில் அந்தச் சின்ன நர்சிங் ஹோமின் தியேட்டரில் ஒரு வயிற்றைத் திறந்தால், இரத்தம் ஒற்ற உள்ளே போன கோஸ் துணித் துண்டெல்லாம் வாளிக்கு வந்து, அவள் வாய்விட்டு எண்ணி முடிக்கும்வரை தையல் ஊசியை டொக்டரிடம் கொடுக்கமாட்டாள்.

"என்ன சிஸ்டர், செபமாலையோ?" என்று டொக்டர் கனகசபாபதி பகிடி பண்ணுவார்.

"ஓம் டொக்டர், ஒரு மணி குறைஞ்சாலும் மாதா விடமாட்டா" என்பாள். கொட்டாஞ்சேனைக்காரி; வாய்க்குக் குறைச்சலில்லை.

அவளிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. அது எந்த நர்சிங் ஸ்கூலிலும் படித்ததில்லை, யுத்தம் படிப்பித்தது. ஒழுங்கையில் ஆமிக்காரரின் சப்பாத்துச் சத்தம் கேட்டால் முதல் வேலையாக இரத்தத் துணிகளைப் பின்வளவில் எரித்துவிட வேண்டும். தமிழருடைய நர்சிங் ஹோமில் வாளி நிறைய இரத்தத் துணியைக் கண்டால், எந்தப் புலிக்குக் காயம் கட்டினாய் என்றுதான் ஆமிக்காரன் கேட்பான். முந்தின வருஷம் அப்படிக் கேட்டுத்தான் மருந்து கட்டுகிற சவுந்தரநாயகத்தைக் கொண்டுபோனார்கள். அந்த மனிசன் திரும்பி வரவேயில்லை. அதற்குப் பிறகு, தியேட்டர் கழுவுகிற ஆறாயிக்குப் புளோறன்ஸே சொல்லிவைத்தாள்: "சத்தம் கேட்டா என்னைக் கேட்டுக்கொண்டு நிக்காத. கொண்டுபோய்க் கொளுத்து."

இரண்டு வழக்கமும் ஒன்றோடொன்று முட்டும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. முட்டிய அன்று காலை நேசமலர் மேசையில் கிடந்தாள்.

நேசமலர், புலிகளின் கையில் இருந்த வன்னியில் மல்லாவிப் பக்கத்துக்காரி; அங்கே வயிறு திறக்கிற டொக்டர் ஒருவரும் இல்லை. கர்ப்பப்பையில் கட்டி, மாதக்கணக்கில் இரத்தம் போய் முகம் வெளிறிக் கிடந்தது. பிள்ளைகள் இரண்டையும் அங்கே தமையனிடம் விட்டு, அந்தத் தமையனையே பிணை வைத்து, இயக்கத்திடம் வெளியேறும் பாஸ் எடுத்து வந்திருந்தாள். குறித்த நாளில் அவள் திரும்பாவிட்டால் தமையனைப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

கட்டியை எடுத்தாயிற்று. டொக்டர் ஊசிக்குக் கையை நீட்டினார். புளோறன்ஸ் எண்ணத் திரும்பினாள். வாளி வெறுமையாகக் கிடந்தது.

"ஆறாயி, துணி எங்கடி?"

"கீழ ஆமிக்காரங்க வந்துட்டாங்கம்மா. நீங்கதானே சொன்னீங்க. கொளுத்திட்டேன்."

"எத்தினை துண்டு எண்டு பாத்தியா?"

"அந்தப் பயத்துல யாரும்மா எண்ணுறது?"

மாதாவே! பின்வளவிலிருந்து புகை நாறியது. அன்றைக்கென்று பார்த்து ஆமிக்காரர் கீழே அடையாள அட்டைகளை மட்டும் பார்த்துவிட்டு, மாடிப்படியில் காலே வைக்காமல் போய்விட்டார்கள். பாழாய்ப் போவார்! ஒருவரும் பார்க்க வராத துணியையா அவ்வளவு அவசரமாக எரித்தோம் என்று புளோறன்ஸுக்கு நெஞ்சு கொதித்தது.

டொக்டர் கையை உள்ளே விட்டுத் துழாவினார். "ஒண்டும் தட்டுப்படேல்லை, சிஸ்டர்" என்றார். அதை நம்பவும் முடியாது. இரத்தத்தில் ஊறிய கோஸ் குடலோடு குடலாக ஒட்டிக் கிடக்கும். எக்ஸ்ரேயில் தெரிகிற நூல் வைத்த கோஸை அவர்கள் கண்டு வருஷக்கணக்கு. இது சுருளில் தாங்களே வெட்டியது, படத்தில் விழாது.

"பிரஷர் இறங்குது. இனியும் திறந்து வைச்சிருந்தா மேசையிலேயே போயிடுவா" என்றார் டொக்டர்.

அதுவும் உண்மைதான். புளோறன்ஸ் ஊசியைக் கொடுத்தாள். எண்ணி முடிக்காமல் அவள் கொடுத்த முதல் ஊசி அது.

பயணப்பட வேண்டிய நாளன்று நேசமலருக்கு இலேசாக உடம்பு காய்ந்தது. டொக்டர் வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "வெறும் காய்ச்சலாயும் இருக்கலாம், அந்தத் துணியாயும் இருக்கலாம். மறிச்சு வைச்சிருந்து, தேவையெண்டால் திரும்பத் திறக்கவேணும். நீங்களே சொல்லுங்கோ சிஸ்டர், எனக்கு வாய் வராது."

புளோறன்ஸ் கட்டிலருகே போய், சுற்றி வளைக்காமல் சொன்னாள். "தங்கச்சி, உங்கட வயித்துக்குள்ள ஒரு துணி விடுபட்டிருக்கலாம். பிழை என்னிலதான். இண்டைக்குப் போகாதீங்க."

நேசமலர் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். "அது எவ்வளவு பெரிசு, சிஸ்டர்?"

புளோறன்ஸ் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து விரித்துக் காட்டினாள்.

"பிள்ளையின்ரை மூக்குத் துடைக்கிற கைலேஞ்சி அளவுதானே. கிடக்கட்டும்."

"என்ன கதை கதைக்கிறீங்க? அது சீழ் பிடிக்கும். செத்துப்போவீங்க, தங்கச்சி!"

"நான் பிந்தினா அண்ணையைக் கொண்டுபோயிடுவாங்கள். பிறகு பிள்ளையளுக்கு ஆர் இருக்கினம்?"

புளோறன்ஸ் அழுதாள். நோயாளிக்கு முன்னால் அழக்கூடாது என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள், அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். நேசமலர்தான் அவளைத் தேற்றினாள்.

வாசலில் வவுனியா வான் ஹோர்ன் அடித்தது. புளோறன்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாத்திரைகளை அவளுடைய கையில் திணித்தாள். "காய்ச்சல் கூடினா, வயிறு வீங்கினா, ஒரு நிமிஷமும் சுணங்காதீங்க. உடனே டொக்டரிட்டக் காட்டி, வயித்தைத் திறந்து பாக்கச் சொல்லுங்க."

நேசமலர் படியில் நின்று திரும்பினாள். குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"எங்கட பக்கம் எந்த டொக்டரிட்டை, சிஸ்டர்?"

புளோறன்ஸ் அந்தப் பக்கத்து டொக்டர்மாரை விரல்விட்டு எண்ணப் பார்த்தாள்; ஒரு விரலும் மடங்கவில்லை.