தள்ளுவண்டியில் வைக்கவும்

நூலகவியல் முதுகலை என்றால் நாளெல்லாம் ஹாயாக உட்கார்ந்து புத்தகம் படிக்கலாம் என்று நினைக்கிற மகராசர்கள், ஒரு நாள் பின்யாவோடு அடித்தளத்தில் வந்து நின்று பார்க்க வேண்டும். பயிற்சிக்காகச் சொந்த ஊர் நூலகத்தில் சேர்ந்ததிலிருந்து அவளுக்கு ஒரே வேலைதான். களையெடுப்பு. ஐந்து வருஷமாக யாரும் தொடாத புத்தகம் எது என்று கணினி சொல்லும். ஆட்கள் வருவதற்கு முன்பே இவள் மாடிக்குப் போய் அதை அலமாரியிலிருந்து உருவிக் கீழே கொண்டுவருவாள், 'நீக்கப்பட்டது' என்று முத்திரை குத்துவாள், பின்கட்டு நீலத் தொட்டியில் போடுவாள். வியாழக்கிழமை காலையில் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும்.

"போன வருஷம் வந்த பையன் ஒவ்வொரு புஸ்தகத்துக்கும் எழவு வீட்டுக்குப் போனவன் மாதிரி மூஞ்சிய வச்சுக்குவான். நீ பரவால்லம்மா, மீன் சுத்தம் பண்ற மாதிரி போயிட்டே இருக்க" என்றாள் தூலா. அவள்தான் பின்யாவுக்கு மேலே. வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவள், வாய் ஓயாதவள். அவள் சொன்னது பின்யாவுக்குப் பாராட்டாகவும் படவில்லை, குத்தலாகவும் படவில்லை.

மார்ச் மாதம் ஏரியில் உறைந்திருந்த பனி காலடியில் உடைந்து அவளுடைய அண்ணன் யூஸோ தண்ணீருக்குள் போய்விட்டான். அன்றிலிருந்து பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது அவளுக்கு. அடக்கத்தன்றும் அழுகை வரவில்லை. எல்லோரும் அழுதார்கள், இவள் வந்தவர்களுக்குக் காபி ஊற்றினாள். வீட்டில் அம்மா முன்னால் யூஸோ பேரை எடுக்கக் கூடாது. பள்ளிக்கூட நாளில் அவன் தொடங்கிப் பாதியில் விட்ட படகு ஒன்று கொட்டகையில் கிடந்தது. அதன் மேல் அம்மா தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டாள்.

வியாழன் மத்தியானம் பணியாளர் அறையில் பின்யா பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தபோது தூலா எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, படகு கட்டற புஸ்தகம் ஒண்ணு இருந்துச்சே, அத நீ எடுத்தியா? ஜன்னலோரத்து ஆளு தேடிட்டு நிக்கறாரு."

"எந்த ஆளு?"

"தினம் இந்நேரம் வருவாரு. நீ கீழ கெடக்க, உனக்கு எங்க தெரியும்! கோடையிலேர்ந்து அந்த ஒரே புஸ்தகம்தான். வீட்டுக்கு எடுத்துட்டுப் போகவே மாட்டாரு, அதனால பேருகூடத் தெரியாது."

"தினம் படிச்சா கணக்குல வந்திருக்கணுமே" என்றாள் பின்யா.

வந்திருக்க வேண்டும்தான். வாசிப்பறை நடுவில் ஒரு தள்ளுவண்டி நிற்கும். 'படித்த புத்தகத்தைத் தள்ளுவண்டியில் வைக்கவும்' என்று தலைக்கு மேலே பெரிய பலகை வேறு. சாயங்காலம் அதிலிருப்பதையெல்லாம் ஸ்கேன் செய்துவிட்டுத்தான் அலமாரியில் அடுக்குவார்கள். அப்படித்தான் ஒரு புத்தகம் இன்னும் உயிரோடிருக்கிறது என்று கணினிக்குத் தெரியும். இதைப் பற்றிக் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் பின்யா.

"அங்கதான் வினை! மனுஷன் ரொம்ப ஒழுங்கு. படிச்சதும் தானே கொண்டுபோய் அதே எடத்துல சொருகிடுவாரு. நானும் அதப் பாத்துட்டுச் சும்மா இருந்துட்டேன். நீயே போய்ச் சொல்லிடும்மா, எனக்கு அந்த முகத்தப் பாக்க முடியல."

பின்யாவுக்கு அந்தப் புத்தகம் ஞாபகம் இருந்தது. பச்சை அட்டை. பக்கத்து ஓரமெல்லாம் பென்சிலால் அளவுகள். கிறுக்கல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம் என்பது விதி. அவளும் யோசிக்கவில்லை. இன்று காலை லாரி வந்துவிட்டுப் போயிருந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு மேலே போனாள். ஜன்னலோரத்தில், மர மில் வேலைச் சட்டையோடு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவள் அப்பா ரெய்யோ.

"அப்பா? நீங்க எங்க இங்க?"

திருடும்போது மாட்டிக்கொண்டவர் போல அவர் நெளிந்தார். "நீ கீழ இருக்கற நேரமாப் பாத்துத்தான் வருவேன். அந்தப் படக முடிச்சிடலாம்னு... அம்மாகிட்டச் சொல்லிடாதம்மா. புஸ்தகத்த வீட்டுக்குக் கொண்டுவந்தா அவ பாத்துடுவா. ஞாயித்துக்கெழம அவ சர்ச்சுக்குப் போறப்ப கொஞ்சங் கொஞ்சமாச் செய்யறேன். இன்னும் ரெண்டு பலகைதான் பாக்கி."

"வேற ஊர்லேர்ந்து இன்னொரு பிரதி வரவழைச்சுத் தரேம்பா."

"அச்சடிச்சது வரும். பள்ளிக்கூட நாள்ல இங்கேர்ந்து எடுத்துட்டு வந்தப்ப யூஸோ ஓரத்துல எழுதுனது வருமா? நம்ம மரத்துக்குத் தக்கபடி எல்லா அளவையும் மாத்திப் போட்டு வச்சிருந்தான். அவன் கையெழுத்த வேற எங்க பாக்கறது? இருந்ததையெல்லாம் உங்கம்மா கட்டிப் பரண்ல போட்டுட்டா."

சின்ன வயதில் அவளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த அதே எழுத்து. அதைக் கண்ணால் பார்த்தாள், பார்த்துவிட்டுத்தான் முத்திரை குத்தினாள். யார் எழுத்து என்றுகூடத் தோன்றவில்லையே, பாவி!

"நாந்தாம்பா எடுத்தேன். காலைல லாரில போயிடுச்சு."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"அந்தத் தள்ளுவண்டில வச்சிருந்தா அது தப்பிச்சிருக்கும்பா! இவ்வளவு பெரிய பலகை இருக்கே, பாக்கவே இல்லையா?" அவளுக்கே தெரியாமல் குரல் உயர்ந்துவிட்டது.

"பாத்தேன்" என்றார் ரெய்யோ. "அதுல வச்சா நீதான வந்து அடுக்கணும். நீ சாப்பிடறதுமில்ல, தூங்கறதுமில்ல. உனக்கு ஒரு வேலையாவது மிச்சமாகட்டுமேன்னு நெனச்சேன்."

எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். கிளம்புவதற்கு முன், சத்தம் வராமல் நாற்காலியைத் தூக்கி மேசைக்கடியில் தள்ளப் போனார்.

"விடுங்கப்பா" என்று பின்யா அதன் முதுகைப் பிடித்துக்கொண்டாள். மார்ச்சிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. வாசிப்பறையே திரும்பிப் பார்த்தது.

"அத விடுங்க. நான் போட்டுக்கறேம்பா."