எட்டு லீற்றருக்கு எத்தனை சுவர்

முன்பள்ளிச் சங்கத்தின் புதன்கிழமை பின்னேரம் நாலரை மணிக் கூட்டத்துக்கு வந்தவர்கள் நாலு பேர். தலைவர் யோகநாதன் வாசலுக்கு நேரே, முன்பள்ளியில் இருந்த ஒரேயொரு பெரிய கதிரையில். பொருளாளர் இலட்சுமி கிழக்கு ஜன்னலுக்குக் கீழே, புது மஞ்சள் பூசிய சுவரில் முதுகு படாமல் ஒரு சாண் தள்ளி, பாயில். பெற்றோர் சார்பில் கிருபன், பிள்ளைகளின் குட்டிக் கதிரையில், முழங்கால் இரண்டும் நாடியில் முட்ட. செயலாளர் ஜெயரூபி குட்டி மேசைக்கு முன்னால், தரையில், கூட்டப் புத்தகத்தை விரித்தபடி. வராதவர் ஒருவர்: பெயின்ற் அடித்த மாயாண்டி. அவரை ஒருவரும் கூப்பிடவில்லை.

யார் எங்கே இருந்தார்கள் என்பதுவரை எழுதிவைப்பது ஜெயரூபியின் வழக்கம். உருத்திரபுரம் முழுக்க அந்த வழக்கத்துக்கு ஒரு பெயர் இருந்தது: "ரூபி எழுதினா எழுதினதுதான்." ஒன்பது வருசமாக அவளைச் செயலாளர் பதவியிலிருந்து விடாமல் வைத்திருந்ததும் அந்த ஒரு வசனம்தான். அதைச் சொல்லியே ஆளாளுக்குப் பொறுப்பெடுக்காமல் தப்பிவிடுவார்கள்.

அன்றைக்குக் கூட்டம் கூடியதற்குக் காரணம், அறையின் இரண்டு பக்கச் சுவர்கள் சாம்பல் நிறச் சீமெந்தாகவே நின்றதுதான். விஜயதசமிக்கு மூன்று கிழமை இருந்தது. ஏடு தொடக்கப் பதினெட்டுப் பிள்ளைகள் பதிந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்து அறக்கட்டளை ஒன்று அறைக்கு வேண்டிய சாமான்களைத் தந்துகொண்டிருந்தது. காசாகத் தராது. சங்க முத்திரை குத்திய கடிதத்தில் எதை எவ்வளவு என்று எழுதுகிறோமோ அதை அவ்வளவுக்கே அனுப்பும். தரைவிரிப்பு அப்படித்தான் வந்து, ஒரு விரல் கூடாமல் குறையாமல் பொருந்தியது. பெயின்ற்றும் எழுதியபடியே நாலு லீற்றர் வாளி இரண்டு வந்தது. நீட்டுச் சுவர் இரண்டும் முடிய வாளியும் முடிந்துவிட்டது.

"எழுதினது எட்டு, வந்தது எட்டு. பாதி அறை வெறுஞ்சுவர்" என்றான் கிருபன். "மிச்சத்தை என்ன, மனுசன் குடிச்சவரே?"

"அவரின்ர வீட்டுப் படலை மஞ்சளா நிக்குதெண்டு கதை" என்றாள் இலட்சுமி.

"படலைக்கு எட்டு லீற்றரோ? அப்ப அது கோட்டைக் கதவா இருக்கவேணும்."

யோகநாதன் சிரிக்கவில்லை. அவருக்கு அன்று வயலில் தண்ணீர்ப் பிரச்சினை. கண் இரண்டும் சிவந்திருந்தன. "பிள்ளை, அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதும். வேலையாள் பெயின்ற்றைச் சரியாப் பாவிக்கேல்லை, ஆளை நிப்பாட்டிப்போட்டம், மிச்சத்துக்குத் தாங்கோ எண்டு. வெள்ளிக்கிழமை போகவேணும். அண்டைக்குப் பின்னேரம் கோயில் கூட்டமும் இருக்கு. மதில் வேலையை மாயாண்டிக்குக் குடுக்கிறதோ எண்டு கேப்பினம். நான் இதைத்தான் சொல்லவேண்டி வரும்."

கோயில் மதில் என்றால் ஒரு மாத வேலை. அது கைவிட்டுப் போனால், அதன் பிறகு இந்த ஊரில் யார் மாயாண்டியின் கையில் வாளியைக் கொடுப்பார்கள்? எல்லாருக்கும் அது தெரிந்தது. ஜெயரூபிக்கும் தெரிந்தது. ஆனால் காலையிலிருந்து கூட்டுறவுக் கடையில் நின்ற கால் இரண்டும் கட்டை போல விறைத்திருந்தன. பத்து நிமிடத்தில் எழுதி முடித்துப்போட்டு எங்கேயாவது சரிந்தால் போதும் என்றுதான் அவள் மனம் சொன்னது. தீர்மானத்தை எழுதினாள். நாலு பேரும் கையெழுத்து வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து கடிதத்தையும் தொடங்கினாள். "மிகுதிச் சுவருக்கு" என்று எழுதிய இடத்தில் பேனை நின்றது. மிகுதி எத்தனை சதுர அடி? "கொஞ்சம்" என்று எழுத அவளுக்குக் கை வராது. மாயாண்டிக்காக அவள் அடுத்தநாள் அளக்கப் போகவில்லை. ஒரு வசனத்தை முடிக்கப் போனாள், அவ்வளவுதான்.

வியாழன் பின்னேரம் கடையால் வந்த காலோடு முன்பள்ளிக்குப் போனபோது மாயாண்டி அங்கே நின்றார். ஏணியை எடுத்துப் போகச் சொல்லிக் கிருபன் ஆள் அனுப்பியிருந்தான்.

"அளக்கவா தங்கச்சி? ஒத்தையா எப்புடி அளப்பீங்க? இப்புடிக் குடுங்க" என்று அளவு நாடாவின் நுனியை அவர் பிடித்துக்கொண்டார்.

அவருக்கு எதிரான கடிதத்துக்கு அவரே நாடா பிடிக்கிறார். ஜெயரூபி அவருடைய முகத்தைப் பார்க்காமல் இலக்கங்களை மட்டும் பார்த்தாள். நீளம் இருபத்திநாலு அடி. அகலம் பதினைந்து. இவை இரண்டும் அவளுக்கு மனப்பாடம். உயரத்துக்கு மாயாண்டி ஏணியில் ஏறினார். பத்து அடி. நீட்டுச் சுவர் ஒவ்வொன்றிலும் நாலுக்கு நாலில் இரண்டு ஜன்னல்.

குட்டி மேசையில் குனிந்து கணக்குப் போட்டாள். ஒரு நீட்டுச் சுவர் இருநூற்றிநாற்பது சதுர அடி. ஜன்னல் இரண்டுக்கும் முப்பத்திரண்டைக் கழித்தால் இருநூற்றெட்டு. இரண்டு சுவருக்கும் நானூற்றிப்பதினாறு. கடிதக் கோவையைத் திறந்து, பெயின்ற் கேட்டுத் தான் எழுதிய கடிதத்தின் காபன் பிரதியை எடுத்தாள். "அறையின் பரப்பு 360 சதுர அடி. ஒரு லீற்றர் நூறு சதுர அடிக்கு ஒரு பூச்சு அடிக்கப் போதும். இரண்டு பூச்சுக்கு எட்டு லீற்றர் தேவை."

அவள் கேட்டது முந்நூற்றியறுபதுக்கு. மனுசன் அடித்திருப்பது நானூற்றிப்பதினாறு. திருடியவன் எப்படிக் கூட அடிப்பான்?

"தண்ணி கூட விட்டனீங்களோ அண்ணை?"

"தண்ணியா? கையால தடவிப் பாருங்க. ரெண்டு பூச்சு. தூரிகைய வழிச்சு வழிச்சு அடிச்சேன்."

தடவினாள். கையில் ஒன்றும் ஒட்டவில்லை, எங்கும் திட்டில்லை. திரும்ப வந்து அந்த முந்நூற்றியறுபதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திநாலைப் பதினைந்தால் பெருக்கினால் முந்நூற்றியறுபது. கோவையில் ஒரு தாளைப் புரட்டினாள். அதற்கு முந்திய கடிதம், தரைவிரிப்புக் கேட்ட கடிதம். அதிலும் "அறையின் பரப்பு 360 சதுர அடி." பார்த்து அப்படியே எழுதியிருக்கிறாள். பிள்ளைகள் ஓடித் திரிகிற தரையின் கணக்கைச் சுவருக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு மாதமாக ஊரும் அவளும் அதை நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அதைவிட அவமானம் அந்தக் கடிதத்தின் கீழே இருந்தது. சுவரைச் சுற்றி ஒட்டுகிற எழுத்துப் படப் பட்டிக்கு, "அறையின் சுற்றளவு 78 அடி" என்று சரியாக எழுதியிருந்தாள். அந்தப் பட்டி வந்து அலுமாரிக்குள் சுருளாகக் கிடந்தது. அந்த எழுபத்தெட்டைப் பத்து அடி உயரத்தால் ஒரு தடவை பெருக்கியிருந்தால் போதும். எழுநூற்றியெண்பது. கதவுக்கும் ஜன்னலுக்கும் தொண்ணூற்றிரண்டு போக அறுநூற்றியெண்பத்தெட்டு. பதினாலு லீற்றர் கேட்டிருக்கவேண்டிய இடத்தில் எட்டுக் கேட்டிருக்கிறாள்.

"அண்ணை, பெயின்ற் காணாதெண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

மாயாண்டி நாடாவைச் சுற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். "மொத நாளே தலைவர்ட்ட சொன்னேன். ரெண்டு சொவருக்குத்தான் வரும்னு. 'ரூபி எழுதினா எழுதினதுதான், நீ அடி'ன்னாரு. அதுக்கு மேல நான் என்னத்தப் பேச? நீங்க படிச்ச புள்ள. நான்தான் கைய அகலமா வீசுறேனோன்னு எனக்கே சந்தேகம் வந்திருச்சு."

ஜெயரூபி கோவையை மூடினாள்.

"படலையப் பத்தியும் பேசுறாங்களாம். இது தண்ணி பெயின்ற்றும்மா. தகரத்துல அடிச்சா மொத மழைக்கே வழிஞ்சிரும். அது பஸ் நிக்கிற கொட்டகைக்கு அடிச்சதுல மிஞ்சின எனமல். மூணு வருஷமா மஞ்சளாத்தான் நிக்குது. இப்பத்தான் எல்லாருக்கும் கண்ணு தெரியுது." ஏணியைத் தோளில் ஏற்றினார். "என்ன எழுதணுமோ எழுதுங்க. எனக்கும் அலுத்துப்போச்சு."

அன்று இரவு அவள் ஒன்றும் எழுதவில்லை. வெள்ளி விடிய எழும்பி, மூன்று காபன் தாள் வைத்து, அழுத்தி எழுதினாள். பழைய கடிதத்தைப் பார்க்கவில்லை. ஆறரைக்கெல்லாம் யோகநாதனின் கிணற்றடியில் நின்றாள். அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"கொண்டா பிள்ளை, வைக்கிறன்" என்று ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு பேனையைக் கேட்டார். வாசிப்பது அவருக்கு வழக்கமில்லை.

"வாசிச்சுப்போட்டு வையுங்கோ அண்ணை."

"நீர் எழுதினதுதானே."

"அதுதான் சொல்லுறன், வாசியுங்கோ."

அவர் குரலில்லாமல் உதட்டால் வாசித்தார். "முன்னைய கடிதத்தில் சுவர்களின் பரப்புக்குப் பதிலாகத் தரையின் பரப்பை எழுதியது செயலாளராகிய எனது பிழை. கிடைத்த எட்டு லீற்றரில் தொழிலாளி திரு. மாயாண்டி 416 சதுர அடிக்கு இரண்டு பூச்சு முடித்துள்ளார். அது எமது கணக்கிலும் கூடுதலானது. பெயின்ற் போதாது என்பதை அவர் வேலை தொடங்கிய நாளிலேயே தலைவருக்கு அறிவித்திருந்தார். மீதி 272 சதுர அடிக்கு ஆறு லீற்றர் தேவை."

யோகநாதன் துலாக் கட்டையில் இருந்துவிட்டார். "இதென்ன பிள்ளை, கூட்டத்தில எடுத்த தீர்மானம் வேற."

"தீர்மானம் பிழை அண்ணை. நான் பிழை, அதால தீர்மானமும் பிழை."

"அறக்கட்டளைக்காரர் என்ன நினைப்பினம்? செயலாளருக்குத் தரை எது சுவர் எது தெரியாதெண்டு சிரிப்பினம். இனி ஒரு ஆணிகூடத் தராயினம்." கொஞ்சம் யோசித்தார். "களவெண்டு எழுதவேண்டாம். 'வேலையாளின் கவனக்குறைவு' எண்டு ஒரு சொல்லுப் போடும். மனுசனுக்கும் பெரிய பாதகம் வராது."

ஒரு சொல்தானே என்று ஜெயரூபிக்கும் ஒரு கணம் பட்டது. அப்படி எழுதினால் இன்னொரு கூட்டம் வேண்டாம், விளக்கம் வேண்டாம், கிருபனின் பகிடியும் கேட்கத் தேவையில்லை. சாம்பல் சுவருக்கு முன்னால் ஏணியைத் தோளில் ஏற்றிய ஆளின் முதுகு கண்ணில் வந்தது.

"கவனக்குறைவு என்ர அண்ணை. அதை அவருக்கு ஏன் குடுப்பான்?"

"சரி, உம்மட பிழையை நீர் எழுதும். அந்தத் தலைவருக்கு அறிவிச்ச வரியை மட்டும் வெட்டும்."

"வெட்டின கடிதம் அனுப்பேலாது. வெட்டினா முழுக்கத் திரும்ப எழுதவேணும், நாலு தாளிலை. எனக்கு இனி ஏலாது."

அவள் வாதத்துக்கு அதைச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவளால் ஏலாது. அது அவள் நின்ற நிலையில் தெரிந்தது. யோகநாதன் அவளைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், வாய்க்காலில் தண்ணீர் வராத தன் வயல் பக்கம் பார்த்தார்.

"ஓம், மாயாண்டி சொன்னவன்தான்" என்றார் கடைசியில். "நான்தான் காதில விழுத்தேல்லை." முழங்காலில் வைத்து, நாலு தாளிலும் கையெழுத்து வைத்தார்.

ஜெயரூபி ஒரு பிரதியைக் கிழித்து நீட்டினாள். "இது பின்னேரக் கோயில் கூட்டத்துக்கு. நீங்களே வாசியுங்கோ அண்ணை."

"நானோ?"

"தலைவர்தானே வாசிக்கவேணும்."

அவர் வாங்கி, நாலாக மடித்து, கொடியில் தொங்கிய சேட்டின் பைக்குள் வைத்தார்.

எட்டு மணிக்குத் தபாலகம் திறந்தது. கடைசிப் பிரதி மங்கலாகத்தான் விழுந்திருந்தது. மாயாண்டிக்கு அதைக் கொடுக்கவேண்டும் என்று கைப்பையில் தனியாக வைத்திருந்தாள். மூலக் கடிதத்தில் சங்க முத்திரையைக் குத்தி, மை காயும்வரை ஊதினாள். உறையில் இட்டு, விளிம்பில் பசை பூசி, ஒரு தரத்துக்கு இரண்டு தரம் விரலால் அழுத்தினாள்.

"பதிவுத் தபாலோ அக்கா?" என்றாள் உள்ளே இருந்த பிள்ளை.

"ஓம். விஜயதசமிக்கு முதல் மறுமொழி வருமோ தங்கச்சி?"

"கடிதம் நாளைக்குப் போயிடும். மறுமொழியை நான் எப்பிடிச் சொல்லுறது?"

கடை திறக்க இன்னும் அரைமணி இருந்தது. ஜெயரூபி வாங்கில் இருந்து செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பிள்ளை உறையை நிறுத்துப் பார்ப்பதையும், இலக்கம் ஒட்டுவதையும், இரண்டு முறை முத்திரை அடித்துப் பைக்குள் போடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.