நாலாம் தேதிக்கு அப்புறம் யாரு?

நவம்பர் கடைசி வாரம் வந்தால் போன் பிடித்துப் பிடித்து என் காது சிவந்துவிடும். கூடப்பிறந்தவர்கள் ஐந்து பேர், ஐந்து தேசத்தில் போய் விழுந்தோம். பிள்ளைகள் வீடுகளையும் சேர்த்தால் கணக்கு பதினாலு. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, இந்த வருஷம் யாருக்குக் குழந்தை, யாருக்குக் கல்யாணம், யார் பாஸ், யாருக்கு வேலை போனது என்று கேட்டு, நாலு பக்கக் கடிதமாக அடித்து எல்லோருக்கும் தபாலில் அனுப்புவேன். யாரும் கொடுத்த வேலை இல்லை. கல்யாணம் செய்துகொள்ளாதவன், சும்மாதானே இருக்கிறான் என்று அது என் தலையில் வந்து உட்கார்ந்தது; நானும் இறக்கி வைக்கவில்லை. செல்போனில் குடும்பக் குழு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதில் காலை வணக்கமும் பூப்படமும் வருமே தவிர விஷயம் வராது.

சம்பளத்துக்கு நான் பார்ப்பது பஸ் டிப்போவில் டூட்டி ஷீட் போடும் வேலை. எந்த டிரைவர் எந்த வண்டி, எத்தனை மணிக்கு யார் வந்து மாற்ற வேண்டும் என்று கட்டம் போட்ட தாளில் நிரப்ப வேண்டும். மாற்ற வருகிறவர் வந்து நின்ற பிறகுதான் முதல் ஆள் சீட்டை விட்டு இறங்கலாம். அதனால் ஒருவர் நேரம் முடிவதற்கு முன்பே அடுத்தவர் நேரம் ஆரம்பித்துவிடும். இருபத்தெட்டு வருஷமாக இதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வருஷக் கடிதத்துக்குக் குறிப்பு எடுப்பதும் அதே கட்டத்தாளில்தான். வேறு தாளில் எழுதினால் எனக்குக் கை ஓடாது.

கடிதத்துக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு வீட்டு விஷயத்தை அந்த வீட்டார் வாயால் சொன்னால்தான் எழுதுவேன். அடுத்த வீட்டார் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன். இந்தச் சட்டத்தைப் போட்டவனும் நான்தான், அது தேவைப்படும்படி செய்தவனும் நான்தான்.

எங்களில் கடைசி, என் தங்கை. சின்ன வயதில் செய்த சேட்டைக்கு 'வாலு' என்று பேர் வைத்தோம், ஐம்பது வயதிலும் அது போகவில்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பூட்டுவது அவள் வேலை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர் அவளை விட்டுப் போனார். வாலு அதைப் பெரியக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அம்மாவிடம் தானே நேரில் வந்து சொல்வதாக இருந்தாள். பெரியக்கா போனில் என்னிடம் புலம்பினாள். நான் அதையும் வருஷத்துச் செய்திகளில் ஒன்றாக நினைத்து எழுதிவிட்டேன். அண்ணன் மகன் சைக்கிள் பந்தயத்தில் வாங்கிய மெடலுக்கும் சின்னக்கா வீட்டுப் புது ஃபிரிட்ஜுக்கும் நடுவில், 'இவ்வருடம் வாலுவும் அவள் கணவரும் பிரிந்தனர்' என்று ஒரு வரி. கடிதத்தை அம்மாவுக்கு யாரோ சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

வாலு ஒரே ஒரு தடவை போன் செய்தாள். "என் வாழ்க்கை உனக்கு ஒரு வரியாண்ணா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு பேச்சில்லை. அம்மா போனபோது ஒரே கூடத்தில் மூன்று நாள் இருந்தோம். எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் அவள் வீட்டுச் செய்தி பெரியக்கா மூலம் ஒரே வார்த்தையாக வரும்: 'நலம்.' அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் என் சட்டத்தைத் தளர்த்தி வைத்திருந்தேன்.

இந்த வருஷமும் பெரியக்காவிடம்தான் ஆரம்பித்தேன். ரிட்டயர்டு கணக்கு டீச்சர், தேதி பிசகாமல் சொல்லுவாள். மகனுக்குப் பதவி உயர்வு, பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டது, தனக்கு முழங்கால் ஆபரேஷன். "மார்ச் மூணுலருந்து இருபது வரைக்கும் வாலு வீட்டுல இருந்தேன்டா. சும்மா ஒரு மாறுதலுக்கு" என்றாள். எழுதிக்கொண்டேன்.

அடுத்து அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். தாடியை எடுத்துப் பதினைந்து வருஷம் ஆகியும் 'தாடி'தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தான், இரண்டாவது பெண்ணுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. "மார்ச் பத்தொம்போதுலருந்து மே பதினஞ்சு வரைக்கும் வாலு வீட்டுல இருந்தேன். குழாயெல்லாம் ஒழுகுதுன்னா, அதான்" என்றான். விமானம் என்றாலே பயப்படும் ஆள். லிஃப்ட் கயிற்றில் தொங்குவான், விமானத்தில் ஏற மாட்டான். குழாய்க்காகக் கடல் தாண்டினானா என்று கிண்டல் செய்தேன். அவன் சிரிக்கவில்லை.

சின்னக்கா மருந்துக்கடை வைத்திருப்பவள். ஒரு நாள் கடையை மூடினால்கூட உலகமே படுத்துவிடும் என்று நினைப்பவள். சொந்த வீடு வாங்கி மே முதல் தேதி சாவி கையில் கிடைத்ததாம், குடி போனது ஆகஸ்டில்தான். நடுவில் எங்கே இருந்தாய் என்று கேட்டேன். "வாலு வீட்டுல. மே பதினாலுலருந்து" என்றாள். கடை? "மூடிட்டேன்." அதற்குமேல் எதுவும் சொல்லாமல் அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டாள். நான்காவதாக சின்னக்கா மகள். நர்ஸிங் பரீட்சை பாஸ் செய்திருந்தாள். "ஆகஸ்ட்லருந்து சித்தி வீட்டுலதான் இருக்கேன் மாமா. இங்கருந்துதான் படிச்சேன். டிசம்பர் நாலு வரைக்கும் இருப்பேன். அப்புறம் வேலைல சேரணும்."

போனை வைத்துவிட்டுத் தாளைப் பார்த்தேன். இருபதாம் தேதி பெரியக்கா கிளம்புகிறாள், பத்தொன்பதாம் தேதியே தாடி வந்துவிடுகிறான். மே பதினைந்தில் தாடி கிளம்புகிறான், பதினாலாம் தேதியே சின்னக்கா வந்து நிற்கிறாள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு நாள், இரண்டு நாள் சேர்ந்து இருக்கிறார்கள். மார்ச்சிலிருந்து ஒரு நாள்கூட அந்த வீட்டில் ஆள் இல்லாமல் இல்லை. விருந்தாடப் போகிறவர்கள் இப்படிப் போக மாட்டார்கள். இது டூட்டி ஷீட். தனியாக விட முடியாத ஒருத்திக்காகப் போட்ட ஷீட். அதில் எல்லோர் பெயரும் இருந்தது, என் பெயரைத் தவிர.

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் பெரியக்காவை மறுபடி கூப்பிட்டேன்.

"அக்கா, நாலாம் தேதிக்கு அப்புறம் யாரு?"

"யாரு சொன்னா உனக்கு?" என்றாள்.

"யாரும் சொல்லல. தாள்ல தெரியுது."

அவள் அழ ஆரம்பித்தாள். பிப்ரவரியில் தெரிந்ததாம். வயிற்றில் கட்டி. மார்ச்சில் அறுத்தார்கள், ஜூலையில் திரும்ப வந்துவிட்டது, இனி செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். "உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாடா. நாங்க என்ன பண்றது? நாலாம் தேதிக்கு அப்புறம் ஒரு நர்ஸம்மாவ ஏற்பாடு பண்ணியிருக்கோம். இந்தக் காலோட நான் இருபத்தேழாம் தேதிதான் போக முடியும்."

"நர்ஸம்மா வேண்டாம். நான் போறேன்."

"அவ வேண்டாம்னுட்டா?"

"வேண்டாம்னா வாசல்ல உக்காந்திருக்கேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நாலு பேரும் சேர்ந்து பத்து மாதம் என்னை முட்டாளாக்கிவிட்டார்கள் என்ற கோபம். டிப்போவுக்கு நடக்கும்போது வழியெல்லாம் அவர்களைத் திட்டிக்கொண்டே போனேன். மேனேஜரிடம் லீவுக் கடிதத்தை நீட்டும்போதுதான் உறைத்தது, அவள் வாய் திறந்து சொல்ல முடியாத ஆளாக என்னை ஆக்கிக்கொண்டது நானேதான். மேனேஜர் என்ன காரணம் என்று கேட்டார். தங்கை என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பெரியக்கா வாலுவிடம் பேசிவிட்டு அன்று மாலையே போன் செய்தாள். "வேண்டாம்னு சொல்லல. சரின்னும் சொல்லல. ஆனா கட்டில் விரிப்ப மாத்தச் சொல்லியிருக்கா."

டிசம்பர் மூன்றாம் தேதி காலை போய் இறங்கினேன். பூட்டு சாவி விற்கும் கடைக்கு மேலே மாடி வீடு. அக்கா மகள் கதவைத் திறந்து, என்னைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வாலு ஜன்னலோரம் நாற்காலியில் தலையணை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். மடியில் துணி விரித்து, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் தன் கண்ணாடியை முடுக்கிக்கொண்டிருந்தாள். முகம் சுருங்கச் சுருங்கக் கண்ணாடி நழுவுகிறது, வாரத்துக்கு ஒரு தடவை இறுக்க வேண்டியிருக்கிறது என்று அக்கா மகள் பிறகு சொன்னாள்.

வாலு கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஆறு வருஷத்தில் முதல் தடவை.

"எழுத வந்தியா, பாக்க வந்தியா?"

"டூட்டிக்கு வந்தேன்."

"உன்ன மாத்த யாரு வராங்க?"

"பெரியக்கா. இருபத்தேழாம் தேதி."

"அதுவரைக்கும் தாங்கணுமே."

"யாரு, நீயா நானா?"

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். எலும்பெல்லாம் கையில் தட்டுப்பட்டது.

மறுநாள் அக்கா மகள் மருந்து வேளைகளை எனக்கு இரண்டு தடவை சொல்லிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். நான் கட்டத்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். "இங்கயும் வந்து ஷீட் போட்டுட்டான்" என்றாள் வாலு. கஞ்சி வைத்தேன், கட்டி தட்டியது, குடித்தாள். அவளைக் குளிப்பாட்ட கீழ்வீட்டு அம்மா வருவார்கள். மற்றதெல்லாம் நான் செய்தேன். பழைய பேச்சை அவள் எடுக்கவில்லை. எனக்குத் துணிச்சல் இல்லை.

ஒன்பதாம் தேதி மதியம், "குறிப்பு கொண்டு வந்திருக்கியா? படி, கேப்போம்" என்றாள்.

வீடு வீடாகப் படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அக்கா மகள் பாஸ் என்றதும், "மூணாவது தடவையில பாஸ். அதயும் எழுது, கழுத அவ்ளோ கஷ்டப்பட்டா" என்றாள். பேத்தி நடக்கிறது என்றபோது எந்த மாசத்தில் என்று கேட்டாள். தாடியின் பெண்ணுக்குக் கல்யாணம் வருகிற மே மாதம் என்று படித்தேன். எல்லோருடைய நல்லதும் நிறைந்த அந்தத் தாளை அவள் முன்னால் வைத்துப் படிக்க எனக்கு வாய் கூசியது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

"வாலு, என்ன மன்னிச்சிடு. அன்னைக்கு நான் எழுதினது..."

"அதுக்கென்ன இப்போ" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "அந்த லெட்டரப் படிக்கக் கேட்டுட்டு அம்மா அன்னைக்கே எனக்குப் போன் பண்ணா. ரெண்டு மணி நேரம் பேசினா. என் பாட்டுக்கு விட்டிருந்தா சொல்லியே இருக்க மாட்டேன்ண்ணா. மூணு தடவ டிக்கெட் போட்டு மூணு தடவையும் கேன்சல் பண்ணியிருந்தேன். நீ எழுதினதாலதான் அம்மா கடைசி ரெண்டு வருஷமும் என் கூடவே பேசிட்டு இருந்தா."

"அப்போ ஏன் என்கூட பேசல?"

"முதல் வருஷம் நிஜமாவே கோபம். அப்புறம் கோபமெல்லாம் போயிடுச்சு. நீயே கூப்பிடுவேன்னு பாத்தேன். நீ கூப்பிடல. நானாக் கூப்பிட வெக்கமா இருந்துச்சு. அப்புறம் வியாதி வந்துச்சு. சாகப் போறோம்னுதான் இவ பேச வர்றான்னு நீ நெனச்சுடுவியேன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டேன்."

நான் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து வருஷம் அவள் எண் என் போனில் இருந்தது. அவள் கோபமாக இருக்கிறாள் என்று நான் தொடவில்லை. நான் கூப்பிடவில்லையே என்று அவள் தொடவில்லை. இரண்டு பேருக்கும் கோபமே இல்லை. நான் வாய்விட்டு அழுதேன். அவள் என் தலையில் கையை வைத்து, "மருந்துக்கு நேரமாச்சு, ஷீட்டப் பாரு" என்றாள்.

அதன் பிறகு பத்து நாள் பேசித் தீர்த்தோம். தீரவில்லை. பத்தொன்பதாம் தேதி காலை, நான் தண்ணீர் சுட வைத்துக்கொண்டிருந்தபோது, பெரியக்கா வர எட்டு நாள் இருக்கையில் போய்விட்டாள்.

அவள் என்னை மன்னித்துவிட்டுத்தான் போனாள், அந்த ஆறுதலாவது உனக்கு இருக்கிறதே என்கிறார்கள் எல்லோரும். எனக்கு அது ஆறுதலாக இல்லை. கோபத்தோடு போயிருந்தால் அந்த ஐந்து வருஷத்துக்கும் ஒரு காரணமாவது இருந்திருக்கும்.