நாளைக்கு வாங்கப்போகிறவர்

என் அக்காள் வீட்டில் முப்பது வருடமாக மூன்று பேர் குடித்தனம். அக்கா, அத்தான், நாளைக்கு வாங்கப்போகிறவர். மூன்றாமவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அவரைக் கேட்காமல் அந்த வீட்டில் ஒரு துரும்பு அசையாது.

அத்தானுக்கு அட்டைப்பெட்டி ஃபேக்டரி. ஊரில் விற்கிற மிக்சியிலும் செருப்பிலும் பாதி அவருடைய பெட்டிக்குள்தான் போய்ச் சேர்ந்தது. சங்க ஆண்டு விழாவில் அவருக்குப் 'பேக்கேஜிங் சக்கரவர்த்தி' என்று பட்டம் கொடுத்து பேனர் கட்டினார்கள். விழா முடிந்ததும் சக்கரவர்த்தி தன் கையாலேயே பேனரை அவிழ்த்துச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதாம்.

அவர் வாங்கிய எந்தப் பொருளின் பெட்டியும் குப்பைக்குப் போனதில்லை. ஃப்ரிட்ஜ் பெட்டியில் தொடங்கி ஷேவிங் மெஷின் பெட்டி வரை பரணில் அடுக்கியிருக்கும். "பெட்டியோட குடுத்தா வாங்கறவருக்கு ஒரு நம்பிக்கை வரும்" என்பார். சோபாவுக்குப் போட்டு வந்த பாலித்தீன் உறையைப் பிரிக்க விட்டதில்லை; உட்கார்ந்தால் யாரோ முறுக்கு தின்பதுபோல் சத்தம் வரும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அதனால் கல்யாண ஃபோட்டோ இன்றைக்கும் அலமாரிக்கு மேலே சாய்ந்துதான் நிற்கிறது, வாடகைக்கு இடம் பார்க்க வந்த ஜோடி மாதிரி. சுவர் எல்லாம் வெள்ளை. வாங்கப்போகிறவருக்கு வெள்ளைதான் பிடிக்கும்.

"அவருக்குக் காபில எத்தனை ஸ்பூன் சர்க்கரைன்னும் கேட்டுச் சொல்லுங்களேன்" என்பாள் அக்கா.

கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்கூட்டரில் அவளை மலை ரோட்டுக்கு அழைத்துப் போனார். உச்சியில் இருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும் என்று சொல்லியிருந்தார். பாதி ஏறியதும் மீட்டரைப் பார்த்தார். அடுத்த வாரம் ஸ்கூட்டரை விற்பதாக இருந்தது. வண்டியைத் திருப்பிவிட்டார். அக்காவுக்கு அந்த மலையில் பாதி தெரியும்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "மச்சான், ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு புக் பண்றேன். நீ கூட வா" என்றபோது, நான் போனைக் காதிலிருந்து எடுத்து யார் நம்பர் என்று பார்த்தேன்.

என்னைக் கூப்பிட்டதில் ஆச்சரியமில்லை. நான் பழைய கார் வியாபாரி. மற்றவர்கள் ஆசை ஆசையாகப் போட்டுக்கொண்ட ஆப்ஷன்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதுதான் என் தொழில். நாளைக்கு வாங்கப்போகிறவருக்கு இந்தப் பூமியில் ஒரு வக்கீல் உண்டென்றால் அது நான்தான்.

ஷோரூமில் எங்களைத் தனி அறையில் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் தோல் துண்டுகள், ஒரு பக்கம் சீட்பெல்ட் துணிகள், நடுவில் பெயின்ட் பூசிய குட்டி குட்டி கார் ஓடுகள். எதிர்ச் சுவரில் ஆள் உயரத் திரை. நாங்கள் கேட்கக் கேட்க அதில் கார் நிறம் மாறியது. கையில் டேப்லெட்டோடு வந்த பெண் தன்னை 'கனவு ஆலோசகர்' என்று அறிமுகப்படுத்திக்கொண்டாள். அப்படித்தான் சட்டையிலும் குத்தியிருந்தது. பாவம், சம்பளம் கொடுப்பவன் சொன்னால் குத்திக்கொள்ளத்தானே வேண்டும்.

"சார், முதல்ல கலர். உங்க மனசு என்ன சொல்லுது?"

அத்தானின் கை ஒரு பச்சை ஓட்டின் மேல் போய் நின்றது. மழை விட்ட மறுநிமிஷம் மரத்தில் இருக்குமே, அந்தப் பச்சை. எடுத்தார், ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார், கட்டை விரலால் தடவினார். அவர் ஒரு பொருளை விலை கேட்காமல் தடவி நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

"ரொம்ப நல்லாருக்குங்க" என்றாள் அக்கா.

"நல்லாத்தான் இருக்கு. மச்சான், நீ என்ன சொல்றே?"

"பச்சை ஆயிரத்துல ஒருத்தனுக்குப் பிடிக்கும் அத்தான். அந்த ஒருத்தனை நான் எங்க போய்த் தேடறது? சாம்பல் போடுங்க."

பச்சையை வைத்துவிட்டார். சாம்பல் வந்தது.

பிரேக்கா? விலை உயர்ந்த செராமிக் வேண்டாம். பழசாக வாங்குகிறவன் அதற்கு ஒரு பைசா கூடத் தர மாட்டான். தையல் நூல் சிவப்பா? கறுப்பு. முன்பக்கத்தைத் தூக்கும் வசதி? அது வேண்டும், வேகத்தடையில் அடி உரசியது என்றால் விலை போகாது. நான் சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் விரல் டேப்லெட்டில் ஓடியது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியதை மறைப்பதற்கில்லை. என்னை இவ்வளவு பெரிய அறையில் இவ்வளவு மரியாதையாக யாரும் கேட்டதில்லை.

"சீட் சார்? சொகுசு சீட் இருக்கு, ரேஸ் சீட் இருக்கு. ரேஸ் சீட் கொஞ்சம் கெட்டியா இருக்கும்."

அக்கா இரண்டிலும் உட்கார்ந்து பார்த்தாள். ரேஸ் சீட்டிலிருந்து எழ என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இது கிணத்துக்குள்ள இறங்கற மாதிரி இருக்குடா."

"வாங்கறவருக்கு அதான் பிடிக்கும்" என்றார் அத்தான்.

"அவரைக் கட்டிக்கிட்டது நானா நீங்களா?"

கனவு ஆலோசகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைசிக் கேள்வியைக் கேட்டாள். "கியர் சார்? ஆட்டோமேட்டிக்கா, மேனுவலா?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, இன்றைக்கும் என் தொண்டையில் முள்ளாகக் கிடக்கிற அந்த வாக்கியத்தைச் சொன்னேன்:

"இந்த மாதிரி வண்டியில மேனுவலுக்குத்தான் மவுசு. வாங்கறதுக்கு வரிசைல நிப்பான் அத்தான்."

"மேனுவல்னா பதினாலு மாசம் ஆகும் சார்" என்றாள் அந்தப் பெண். "அவசரம்னா, பின்னாடி ஒரு வண்டி ரெடியா நிக்குது. ஒருத்தர் புக் பண்ணிட்டு வேணாம்னுட்டார். ஆட்டோமேட்டிக். சொகுசு சீட். நீங்க எடுத்துப் பார்த்தீங்களே, அதே பச்சை. அடுத்த வாரமே ஓட்டலாம்."

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். "அதையே எடுத்துக்கலாங்க."

"இன்னொருத்தன் ஆசைக்குப் போட்டதை நான் எதுக்கு எடுக்கணும்?" என்றார் அத்தான். "மேனுவல் போடும்மா."

எழுந்தபோது அவருடைய இடது கால் கார்ப்பெட் விளிம்பில் தட்டியது. மேஜையைப் பிடித்துக்கொண்டார். ஓடுகள் சிதறின. பொறுக்கிக்கொடுத்தேன்.

அவர் கையெழுத்துப் போடுகிற நேரத்தில் அக்கா என்னை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏன்டா, உனக்கு வாய் சும்மா இருக்காதா?"

"என்னக்கா பண்ணினேன்?"

"அவருக்கு நரம்புல வியாதி. இடது கால்ல ஆரம்பிச்சிருக்கு. அடுத்தது வலது கால். அப்புறம் கை, அப்புறம் பேச்சு. மருந்து இல்லையாம். ஆட்டோமேட்டிக்னா இடது கால் வேலையே இல்ல, இன்னும் ஏழெட்டு மாசம் தாராளமா ஓட்டலாம்னு சொன்னார் டாக்டர்."

"அப்ப எதுக்குக்கா ஸ்போர்ட்ஸ் கார்?" என்றேன்.

"டாக்டர் ரூமை விட்டு வெளிய வந்ததும், 'எனக்கு ஒரு நல்ல கார் ஓட்டணும்'னார். முப்பது வருஷத்துல தனக்குன்னு கேட்ட முதல் பொருள். 'மலை ரோட்டுல மேல வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்'னு அவராத்தான் சொன்னார். நான் கேக்கல."

ஒரு மாதத்துக்குள் ஆர்டரை மாற்றலாம் என்றிருந்தது. மறுநாளே ஃபேக்டரிக்குப் போனேன். அத்தான் தன் அறையில் ஒரு பெட்டியை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், அந்தப் பச்சை வண்டி இன்னும் இருக்கு. விசாரிச்சேன்."

"அக்கா சொல்லிட்டாளா?"

"சொல்லிட்டா. மேனுவல்ல கிளட்சை எப்படி மிதிப்பீங்க?"

"மேனுவலுக்கு மவுசுன்னு நீதானே சொன்னே?"

"உங்க கால் விஷயம் எனக்குத் தெரியாதே அத்தான்!"

"வாங்கறவருக்கு என் கால் விஷயம் எதுக்கு?" சிரித்தார். பிறகு பெட்டியைக் கீழே வைத்தார். "மச்சான், எந்தப் பொருளா இருந்தாலும் கடைசியா வெச்சிருக்கறவன் தலையிலதான் எல்லா நஷ்டமும் விடியும். நான் இதுவரைக்கும் எதுக்கும் கடைசி ஆளா இருந்ததில்ல. டாக்டருங்க சொல்றதெல்லாம் நடக்குதா? பதினாலு மாசம் என்ன பெரிய பதினாலு மாசம்!"

அந்தப் பச்சை வண்டியை வேறு யாரோ எடுத்துப் போனார்கள்.

வியாதிக்கு மட்டும் காத்திருப்போர் பட்டியல் கிடையாது. ஆறாம் மாதம் காலில் உலோகப் பட்டை மாட்டினார்கள். பத்தாம் மாதம் சக்கர நாற்காலி வந்தது. அதன் பெட்டி பரணுக்குப் போயிற்று. கைப்பிடியில் சுற்றிவந்த பாலித்தீனைப் பிரிக்கக் கூடாது என்று உத்தரவு. மழைக்காலத்தில் அது அவர் கையில் ஒட்டிக்கொள்ளும்.

பதினைந்தாம் மாதம் கார் வந்தது, லாரியின் முதுகில். சாம்பல் நிறம், அப்பழுக்கு இல்லை. மீட்டரில் பதினொரு கிலோமீட்டர். தயாரித்த இடத்தில் ஓட்டிப் பார்த்தது.

அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு, மடியில் கைப்பையோடு, கிணற்றில் இறங்குவதுபோல் பக்கத்து சீட்டில் இறங்கி உட்கார்ந்திருந்தாள். நானும் லாரி டிரைவரும் அத்தானைத் தூக்கி ஓட்டுகிற சீட்டில் வைத்தோம். வைக்கும்போது கால் பட்டை கதவுப் படியில் உரசியது. அரை விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அவர் முகம் சுளித்தது வலியால் அல்ல.

கிளட்சை மிதிக்காமல் அந்த வண்டி ஸ்டார்ட் ஆகாது. கால் மிதிக்கவில்லை. முட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தினார். கைகளிலும் அதற்குள் தெம்பு போயிருந்தது. நெற்றி வியர்த்தது. பெடல் ஒரு நூல் அளவு இறங்கி, மரியாதையாக மேலே வந்துவிட்டது.

"நான் ஓட்டறேன் அத்தான். நீங்க இந்தப் பக்கம் உக்காருங்க. மேல வரைக்கும் போய்ட்டு வந்துடலாம்."

"வேணாம்." பேச்சு அப்போதே குழற ஆரம்பித்திருந்தது. "கிலோமீட்டர் ஏறும்."

"ஹாரனாவது அடிச்சுப் பாருங்களேன்" என்றாள் அக்கா.

அதுவும் வேண்டாமாம். கார் நிறுத்துகிற கொட்டகையில் இருபது நிமிடம், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைச் சுவர்.

ஆறு மாதம் கழித்து அத்தானே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் பேசுவது அக்காவுக்கு மட்டும்தான் புரியும். அவள் சொன்னாள்: "இப்ப வித்தாத்தான் விலையாம். ஆள் பாருங்கறார்."

ஆள் பார்த்தேன். வரிசையில் நிற்பார்கள் என்று நான் சொன்னது பொய்யில்லை. மூன்றாம் நாளே ஒருவர் வந்தார்.

அத்தான் காலையிலிருந்தே இஸ்திரி போட்ட சட்டையில் வாசலில் காத்திருந்தார். பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிற படபடப்பு. வந்தவர் டைல்ஸ் கடைக்காரர். நாற்பது வயது, மெல்லிய தொப்பை, இடுப்பில் சாவிக்கொத்து. முப்பது வருடம் இந்த வீட்டை ஆண்டவர் இவ்வளவு சாதாரணமாக இருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

அவர் நாற்காலியில் இருந்தவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நேரே காரிடம் போனார். பெயின்ட் கனம் பார்க்கிற கருவியை ஒவ்வொரு கதவிலும் வைத்தார். குனிந்தார். விரல் கதவுப் படியில் நின்றது.

"இது என்ன கீறல்?"

அத்தான் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றார்?"

அக்கா குனிந்து அந்தக் கீறலைப் பார்த்தாள். பிறகு, "தப்பு அவரோடதாம். விலையில குறைச்சுக்கச் சொல்றார்" என்றாள். அத்தான் ஆமாம் என்று தலையசைத்தார். அக்காவே தொடர்ந்தாள்: "அவர் வண்டில ஏறினது ஒரே தடவைங்க. அப்பப் பட்டது."

"அட, கவலைப்படாதீங்கம்மா" என்றார் வந்தவர், ஆறுதலாக. "பாலிஷ் போட்டா போயிடும். தடமே தெரியாது."

அக்கா காபி கொண்டுவந்தாள். "சர்க்கரை எத்தனை ஸ்பூன்?"

"நான் சர்க்கரை போட்டுக்கறதில்லம்மா."

"அப்படியா" என்றாள். "முப்பது வருஷமா தெரியாமப் போச்சு."

வந்தவருக்கு விளங்கவில்லை. விலை படிந்தது, அத்தான் கொடுத்ததைவிடக் கூடுதல்தான். எனக்குக் கமிஷன் வந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். அவருடைய ஆள் சாவியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தபோது, டைல்ஸ் கடைக்காரர் பதறிப்போய்க் கத்தினார். "யோவ், ஓட்டாதே! தள்ளி லாரில ஏத்து. கிலோமீட்டர் ஏறினா நாளைக்கு வாங்கறவன் கேப்பான்."

அத்தானின் முகத்தில் அந்த இரண்டு வருடத்தில் நான் பார்க்காத ஒரு நிறைவு. ஏதோ சொன்னார். அக்காவைப் பார்த்தேன்.

"நல்ல மனுஷன்ங்கறார்."

லாரி தெருமுனையில் திரும்பியது. கொட்டகையில் நான்கு டயர் அடையாளம்கூட இல்லை. அக்கா காலி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியின் பக்கத்தில் குந்தினாள். கைப்பிடி பாலித்தீனை நகத்தால் கீறினாள். வரவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தாள். அத்தான் தொண்டையிலிருந்து சத்தம் எழுப்பினார். அதை எனக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை.

"வரட்டும்" என்றாள் அக்கா, கிழித்துக்கொண்டே. "வந்தா சர்க்கரை இல்லாம காபி போட்டுத் தரேன்."

இன்னொரு கைப்பிடியையும் உரித்தாள். அவர் கையை எடுத்து வெறும் ரப்பரின் மேல் வைத்தாள். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். மலை இருக்கிற திசைதான். ஆனால் தெருமுனை மேட்டிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. அவளுக்கும் வயது ஐம்பத்தாறு. பாதியில் நின்றுவிட்டாள். நாற்காலி பின்னால் உருளாமல் இடுப்பால் முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றாள். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

அத்தான் தலையைச் சிரமப்பட்டுத் திருப்பி ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றேன்.

"டயர் தேயுதாம்" என்றாள் அக்கா. "தள்ளுடா."